எண்பது புள்ளியும் ஒரு விடுதிக் கட்டிலும்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளிவந்த கையோடு இலங்கைப் பாடசாலைகளின் மதில்களில் பதாதைகள் ஏறிவிடும். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படம், பெயர், புள்ளி எல்லாம் அதில் இருக்கும். அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பிள்ளைகள் இந்தப் பரீட்சையை எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவோர் சுமார் ஆறில் ஒருவர். மீதி ஐந்து பேருக்குப் பதாதை இல்லை. அந்த ஐவரில் ஒருவர் மன்னார்த் தீவிலோ அதற்கு எதிரேயுள்ள கரையிலோ இருந்தால், இருநூறுக்கு எண்பது எடுத்த அந்தப் பிள்ளையை யாழ்ப்பாணத்து விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்க்கப் பெற்றோர் முனைந்தால், என்ன வழி இருக்கிறது? அந்த வழியில் போவதால் பிள்ளைக்கு உண்மையில் என்ன கிடைக்கும்? இரண்டாவது கேள்வியை நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை.

முதலில் பரீட்சையின் அமைப்பு. இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். முதலாவது நுண்ணறிவைச் சோதிப்பது, மற்றது பாட அறிவை. வெளியாகும் வெட்டுப்புள்ளிகளும் இரண்டு வகை. பலர் இவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று உதவித்தொகைக்கானது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாவட்டம் பார்த்து, மொழிமூலம் பார்த்து நிர்ணயிக்கப்படுவது. மாதம் 750 ரூபாயாக இருந்த அந்தத் தொகையை 1,500 ஆக்குவதாக 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. மற்றது பாடசாலைகளின் வெட்டுப்புள்ளி. வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலைக்கோ யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கோ ஆறாம் தரத்தில் போக எத்தனை புள்ளி வேண்டும் என்பது அதில் இருக்கும். தமிழ்மொழிமூலத்தில் இந்த இரண்டின் புள்ளிகளும் எப்போதும் உச்சியில் நிற்பவை. முதல் வகை வெட்டுப்புள்ளி பிள்ளை எந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தது என்று கேட்கிறது. இரண்டாவது கேட்பதில்லை. நல்லூரில் நாலாம் தரத்திலிருந்தே மாலை வகுப்பும் ஞாயிறு மாதிரிப் பரீட்சையுமாக வளர்ந்த பிள்ளையும், தலைமன்னார் பியரில் அரைவாசி நாள் ஆசிரியர் வராத வகுப்பில் இருந்த பிள்ளையும் அங்கே ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

ரியூசன் இந்தப் பரீட்சையோடு எவ்வளவு ஒட்டிக்கொண்டது என்பதற்கு வேறு சான்று தேடத் தேவையில்லை. ஒவ்வோர் ஆண்டும் பரீட்சைக்குச் சில நாட்கள் முன்னதாகத் தனியார் வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் மாதிரி வினாத்தாள் விநியோகத்தையும் பரீட்சைத் திணைக்களமே தடைசெய்ய வேண்டியிருக்கிறது. 2024 செப்டம்பரில் நடந்த பரீட்சையின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியான விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. பத்து வயதுப் பிள்ளைகள் எழுதும் ஒரு பரீட்சைக்கு!

மன்னாருக்கு வருவோம். தீவு ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் நீளம். தாம்போதியும் பாலமும் அதைப் பெருநிலத்தோடு இணைக்கின்றன. ஒரு முனையில் மன்னார் நகரம், மறுமுனையில் தலைமன்னார், இடையில் எருக்கலம்பிட்டி, பேசாலை. பெருநிலத்துக் கரையில் தெற்கே வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, முள்ளிக்குளம். வடக்கே விடத்தல்தீவு, தேவன்பிட்டி. கல்வி நிர்வாகத்தில் மாவட்டம் மன்னார், மடு என்று இரண்டு வலயங்களாகப் பிரிந்திருக்கிறது. நகரத்தில் புனித சவேரியார் ஆண்கள் கல்லூரி, அதே பெயரில் பெண்கள் கல்லூரி, சித்திவிநாயகர் இந்துக் கல்லூரி, அல் அஸ்ஹர். பேசாலையில் பாத்திமா, வங்காலையில் புனித ஆனாள். பெயர்களைப் பார்த்தால் குறைவில்லை என்று தோன்றும். ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் உள்ள பாடசாலைகளைத்தான் அரசு 1ஏபி என்று வகைப்படுத்துகிறது. அந்த வகையில் வருபவை மாவட்டத்தில் சில மட்டுமே. அங்கும் பௌதிகத்துக்கோ இணைந்த கணிதத்துக்கோ ஆசிரியர் இந்த ஆண்டு இருக்கிறாரா என்பதைத் தனியாக விசாரித்துத்தான் அறிய வேண்டும்.

கரையோரப் பிள்ளையின் பாடசாலை நாட்காட்டியைக் கல்வி அமைச்சு மட்டும் வகுப்பதில்லை, காற்றும் சேர்ந்து வகுக்கிறது. மீன்பிடிப் பருவம் மாறும்போது குடும்பங்கள் ஊரைவிட்டு வேறு கரைக்குப் போய், வாடி என்னும் தற்காலிகக் கொட்டில் போட்டுத் தங்கும். பிள்ளையும் கூடவே போகும், அல்லது அம்மம்மாவோடு ஊரில் நிற்கும். போனால் படிப்பில் இரண்டு மூன்று மாதம் விழுந்துவிடும். நின்றால் வீட்டில் புத்தகத்தை விரித்துப் பார்க்க ஆளில்லை. இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துப்போன வாரத்தில் ரியூசன் காசு முதலில் நிற்கும். இதற்கு மேலே போரின் கணக்கும் இருக்கிறது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டியும் முசலிப் பகுதி ஊர்களும் ஒரே வீச்சில் காலியாயின. அவர்கள் தஞ்சம் புகுந்த புத்தளத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறை திரும்பிவந்து பிள்ளைகளைச் சேர்த்தது பாதி கட்டிய வகுப்பறைகளில். முள்ளிக்குளத்து மக்கள் 2007இல் ஊரைவிட்டு வெளியேறி, பின்னர் மலங்காட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடி தாங்காமல் படகேறி தனுஷ்கோடியில் இறங்கிய முதல் குடும்பங்களில் கைக்குழந்தை முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை இருந்தார்கள். அந்த ஆண்டு ஐந்தாம் தரத்தில் இருந்த பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி என்ற சொல்லுக்கே பொருள் இல்லை.

ஆக, எண்பது புள்ளி என்பது பிள்ளையின் தலைக்குள் இருப்பதை மட்டும் அளந்த எண் ஆகாது. வீட்டை, வாடியை, ஆசிரியர் வெற்றிடத்தை, பேருந்து நேரத்தை எல்லாம் கூட்டி வந்த தொகை அது. இதைச் சொல்வது பரீட்சையைக் குறை கூற மட்டுமல்ல. விடுதிப் பள்ளியின் வாசலில் நிற்கும் பெற்றோர் முதலில் தங்களுக்கே சொல்லிக்கொள்ள வேண்டியது இது.

விடுதிப் பள்ளிகள் எப்போதும் இப்படிக் கதவை இறுக்கிக்கொண்டிருந்தவை இல்லை. அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்தில் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியையும் தொடங்கியபோது கெஞ்சியவர்கள் அவர்கள்தான். உணவு கொடுத்தார்கள், உடை கொடுத்தார்கள். உடுவிலில் படிப்பை முடிக்கும்வரை பிள்ளையை விட்டுவைத்தால் சீதனத்துக்கும் உதவுவதாகச் சொன்னார்கள். வேதத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று பெற்றோர் அஞ்சினார்கள். அந்த அச்சம் வீணானதும் இல்லை. அரசாங்க உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வழி என்று தெரிந்த பிறகு நிலைமை தலைகீழானது. தேடிப்போய்ப் பிள்ளை பிடித்த பள்ளிகளே பிறகு பரீட்சை வைத்துப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பின.

அடுத்த திருப்பம் கன்னங்கராவுடையது. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, கல்விக்கான விசேட குழுவின் அறிக்கையை 1943இல் முன்வைத்தார். 1945 அக்டோபர் முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதன் இன்னொரு தூண் மத்திய பாடசாலைகள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த பெரிய கல்லூரிகளுக்கு நிகரானவற்றை நாட்டுப்புறத்தில், விடுதியோடு எழுப்புவது அந்தத் திட்டம். தமிழ்ப் பகுதிகளில் தீவகத்து வேலணையிலும் மட்டக்களப்புக்கு வடக்கே வந்தாறுமூலையிலும் அப்படித்தான் வந்தன. வந்தாறுமூலைப் பள்ளி வளாகத்தில்தான் பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகம் முளைத்தது. மன்னார்த் தீவில் மத்திய கல்லூரி என்ற பெயரை எருக்கலம்பிட்டி இன்றும் தாங்கி நிற்கிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் அந்த மத்திய பாடசாலைகளுக்கு ஏழைப் பிள்ளைகளைத் தெரிவதற்காக வந்த ஏற்பாடு. அதாவது, நல்ல பள்ளி ஓரத்துக்கு வரும், ஓரத்துப் பிள்ளை அதன் விடுதியில் தங்கிப் படிக்கும்.

இன்று நடப்பது நேர் எதிர். அதே பரீட்சை, ஓரத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளையை உறிஞ்சி நகரத்துப் பெரும் பள்ளிக்கு அனுப்பும் குழாயாகிவிட்டது. சவேரியாரிலோ பாத்திமாவிலோ ஆறாம் தரத்தில் முதலிடத்தில் நிற்க வேண்டிய பிள்ளை யாழ்ப்பாணம் போகிறது. அந்த வகுப்பு ஒரு படி இறங்குகிறது. அடுத்த ஆண்டு இன்னொரு பெற்றோர் அந்த இறக்கத்தைக் காரணம் காட்டித் தம் பிள்ளையையும் அனுப்புகிறார். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு பூநகரி வழியாக யாழ்ப்பாணம் நெருங்கிவிட்டது. 2015இல் தலைமன்னார் வரை ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியதும் கொழும்பும் நெருங்கியது. பாதை திறந்தது நல்லதுதான். ஆனால் பாதை இரு பக்கமும் போகும் என்று சொன்னவர்கள், நல்ல ஆசிரியர்கள் அதே வீதியால் மன்னாருக்கு வரவில்லை என்பதைப் பார்க்கவில்லை.

இனி, புள்ளி குறைந்த பிள்ளைக்கு எஞ்சியிருக்கும் கதவுகள்.

மேன்முறையீடு என்ற ஒன்று உண்டு. வெட்டுப்புள்ளிக்கு மிக அருகில் நிற்கும் பிள்ளைக்கு, வெற்றிடம் இருந்தால், அது பயன்படலாம். எண்பதுக்கு உதவாது. அதில் மாதக்கணக்கில் காத்திருந்து ஆறாம் தரத்தின் முதல் தவணையை இழக்கும் குடும்பங்கள் பல.

அடுத்தது தனியார் பள்ளிகள். 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது சில பள்ளிகள் வெளியே நிற்கத் துணிந்தன. யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரி, பரி. யோவான் கல்லூரி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி ஆகியவை அவற்றுள் அடங்கும். இவை அமைச்சின் வெட்டுப்புள்ளிப் பட்டியலுக்குக் கட்டுப்பட்டவை இல்லை. தமது பரீட்சை, தமது நேர்முகம். புலமைப்பரிசில் புள்ளியைக் கேட்பார்கள், ஆனால் அதுவே இறுதித் தீர்ப்பு ஆகாது. இங்கே மன்னார்ப் பெற்றோர் செய்யும் வழமையான தவறு, புள்ளியை மறைக்க முயல்வது, அல்லது பெரிய மனிதர் ஒருவரின் கடிதத்தை முன்னால் நீட்டுவது. அதிபர்களுக்கு அந்தக் கடிதங்கள் புதிதில்லை. மாறாக மூன்றாம் தரத்திலிருந்தான தேர்ச்சி அறிக்கைகளை வரிசையாகக் கொண்டுபோங்கள். வாடிக்குப் போன மாதங்களில் வரவு எப்படி விழுந்தது, திரும்பிவந்த பின் புள்ளி எப்படி ஏறியது என்பதை அவற்றிலேயே காட்டலாம். ஏறுகிற கோடு ஒன்றைக் காட்ட முடிந்தால் எண்பது என்ற எண்ணின் கனம் குறையும். பிள்ளை ஓடுமா, பாடுமா, உதைபந்து விளையாடுமா என்பதற்கும் சான்றிதழ் இருந்தால் வையுங்கள். காசு கேட்டால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளையைச் சேர்க்க இலஞ்சம் வாங்கியதாக அதிபர்கள் கைதான செய்திகள் இந்நாட்டில் அரிதில்லை.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இன்னொரு வழி தெரியும்: சிறிய குருமடம். குருவாக ஆசைப்படும் பையன் அங்கே தங்கி, நல்ல பள்ளியில் படிப்பான். மடத்தில் சேர்ந்து, இடையில் விலகி, நல்ல உத்தியோகத்துக்குப் போனவர்களைக் கரையோர ஊர்களில் அடிக்கடி சந்திக்கலாம். ஆனால் அழைத்தல் இல்லாத பிள்ளையைப் படிப்புக்காக மட்டும் அங்கே அனுப்புவது பிள்ளைக்கும் மடத்துக்கும் நியாயமில்லை என்பது என் எண்ணம்.

பெரிய கதவு பன்னிரண்டாம் தரத்தில் இருக்கிறது. சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் உயர்தரத்துக்கு வேறு பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம், அப்போது ஐந்தாம் தரப் புள்ளி எவருக்கும் நினைவில்லை. பதினாறு வயதில் பிள்ளை எந்தப் பிரிவு தேவை என்று தானே சொல்லும், வீட்டைப் பிரிந்து இருக்கவும் வயது வந்திருக்கும். அதற்குப் பிறகு பல்கலைக்கழக அனுமதியில் அரசே மன்னாரைக் கணக்கில் எடுக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளின் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் போக, எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மன்னார் அந்தப் பதினாறில் ஒன்று. பத்தொன்பது வயதில் கடலும் போரும் கணக்கில் வருகின்றன, பத்து வயதில் பள்ளிக் கதிரைக்கு வருவதில்லை. இந்த முரண்பாட்டை எந்தக் கல்வி அமைச்சரும் விளக்கியதாக நான் அறியேன்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. இடம் கிடைத்துவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும்?

இதைக் குறித்து வெளிநாடுகளில் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. கென்யாவின் தேசியப் பாடசாலைகள் விடுதிப் பள்ளிகள், நாடே கொண்டாடும் பெயர்கள். ஏட்ரியன் லூக்காஸ், ஐசக் ம்பிட்டி என்ற இரு பொருளியலாளர்கள், வெட்டுப்புள்ளியைக் கொஞ்சம் தாண்டி உள்ளே போனவர்களையும் கொஞ்சத்தால் தவறி வேறு பள்ளிக்குப் போனவர்களையும் ஒப்பிட்டு 2014இல் வெளியிட்டார்கள். பள்ளி முடிவுப் பரீட்சையில் இரு சாராருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பெரும் பள்ளியின் பெறுபேறு பெரிதாக இருந்ததற்குக் காரணம், உள்ளே போனவர்கள் ஏற்கெனவே கெட்டிக்காரர்கள் என்பதுதான். பொஸ்டன், நியூயோர்க் நகரங்களின் போட்டிப் பரீட்சைப் பள்ளிகளைப் பற்றி அதே ஆண்டில் வந்த ஆய்வும் இதையே சொன்னது.

நமக்கு மிக நெருக்கமானது பிரான்ஸ் நாட்டுக் கதை. பாரிசுக்குத் தென்கிழக்கே சூர்தூன் என்ற ஊரில், பழைய இராணுவ முகாம் ஒன்றில், 2009இல் வசதி குறைந்த பிள்ளைகளுக்கென விடுதிப் பள்ளி ஒன்றைத் திறந்தார்கள். இடத்தைவிட விண்ணப்பம் கூடியதால் குலுக்கல் போட்டுத் தெரிந்தார்கள். ஆய்வாளருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. முதல் ஆண்டில் விடுதிப் பிள்ளைகளின் மனநிலை வாடியது, புள்ளி ஏறவில்லை. இரண்டாம் ஆண்டு முடிவில் கணிதத்தில் பெரிய ஏற்றம். ஆனால் அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு சேரும்போதே வலுவாக இருந்த பிள்ளைகளுக்குப் போனது. பின்தங்கிச் சேர்ந்தவர்கள் பிரிவுத் துயரத்தைப் பட்டார்கள், பலன் அவர்களை அவ்வளவாக வந்தடையவில்லை.

வேறு விதமாகவும் நடக்கலாம் என்பதற்கு வாஷிங்டனின் சீட் பள்ளி சான்று. அங்கும் குலுக்கல்தான். பிள்ளைகள் வாரத்தில் ஐந்து நாள் தங்கி, வார இறுதிக்கு வீடு போவார்கள். கறுப்பின ஏழைப் பிள்ளைகள், பலர் வகுப்பு மட்டத்துக்குக் கீழே இருந்து வந்தவர்கள். வாசிப்பிலும் கணிதத்திலும் ஆண்டுதோறும் தெளிவான முன்னேற்றம் கண்டதாகக் கர்ட்டோவும் ஃபிரையரும் காட்டினார்கள். செலவு அதிகம். ஆனால் பள்ளி அந்தப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே கட்டப்பட்டது. உச்சப் புள்ளிக்காரரின் வேகத்தில் ஓடும் வகுப்பில் அவர்களைத் தூக்கிப் போடவில்லை.

இந்த ஆய்வுகளை மன்னாரோடு பொருத்திப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இதுதான். எண்பது புள்ளிப் பிள்ளையைப் பதினொரு வயதில் நூற்றைம்பது புள்ளிக்காரர் நிறைந்த விடுதிக்கு எப்படியாவது அனுப்பிவிடுவது, பெரும்பாலும் பெற்றோரின் கௌரவத்துக்குச் செய்யும் செலவு. பிள்ளைக்குத் தேவை அருகில் ஒரு கட்டில், மாலையில் படிப்பைப் பார்க்கும் ஓர் ஆசிரியர், வாடிப் பருவத்திலும் தவறாத வரவு. அருகில் என்றால் வெள்ளி மாலை பேருந்தேறி அம்மாவிடம் போகக்கூடிய தூரம். பேசாலையிலோ எருக்கலம்பிட்டியிலோ சிலாவத்துறையிலோ அது இருக்கலாம். அப்படிப்பட்ட விடுதியில் இடம் கொடுக்கப் புள்ளி எதற்கு? வீடு எவ்வளவு தூரம், பெற்றோர் எத்தனை மாதம் கடலோரம் அலைகிறார்கள் என்ற இரண்டையும் கேட்டால் போதும். கன்னங்கராவின் மத்திய பாடசாலையில் பாதி இதுதான். நாம் பரீட்சையை வைத்துக்கொண்டு விடுதியை விட்டுவிட்டோம்.

எந்த விடுதியானாலும் சேர்க்கும் முன் பெற்றோர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இரவில் பொறுப்பாக யார் தங்குகிறார், எத்தனை பிள்ளைக்கு ஒருவர், நோய் வந்தால் எந்த வைத்தியசாலை, வீட்டுக்கு எப்போது தொலைபேசி எடுக்கலாம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தைப் பிள்ளைக்கு மனப்பாடமாக்கி அனுப்புங்கள்.

மன்னார், மடு வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் வட மாகாணக் கல்வி அமைச்சுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பெறுபேறு வரும்போது வெட்டுப்புள்ளியைத் தாண்டியோரின் எண்ணிக்கையோடு, எழுபதுக்கும் நூறுக்கும் இடையில் நின்ற பிள்ளைகள் எந்தெந்தக் கரையோர ஊர்களில் எத்தனை பேர் என்ற பட்டியலையும் தயாரியுங்கள். முதல் விடுதியை எந்த ஊரில் கட்ட வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் தெரிந்துவிடும்.